பாறை ஏறுவதும் நம் உரிமை

பாபநாசம் பக்கம் ஏறிப் பார்க்க ஒரு பாறைகூடக் கிடையாது. எங்கும் காவிரி கொண்டுவந்த வண்டல்தான். அதனால் விடுமுறை வந்தால் எங்கள் தெருப் பிள்ளைகளோடு புதுக்கோட்டைப் பக்கம் கிளம்பிவிடுவோம்.

முதல் இடம் நார்த்தாமலை. மேலமலையின் மொட்டைப் பாறைச் சரிவில் ஏறினால் விஜயாலய சோழீச்சரம். அடுத்தது சித்தன்னவாசல். ஓவியங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மலையின் மறுபக்கம் பாறையில் வெட்டிய குழிகளில் கால்வைத்து இறங்கினால் ஏழடிப்பட்டம். அங்கே சமணர் படுக்கைகளும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழி எழுத்துகளும் இருக்கின்றன. இவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. ஆணி அடிப்பதும் பெயர் கிறுக்குவதும் கூடாது.

கீழே டீக்கடையில் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்கிறார்கள். மேலே ஏறிவிட்டால் அந்தக் கேள்வி இல்லை. பிள்ளைகள் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று கெஞ்சுவது அதனால்தான்.

மலையேற்றம் வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2014 மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்ற மாலாவத் பூர்ணா பழங்குடிப் பெண். உடன் ஏறிய ஆனந்த் குமார் தலித் மாணவர். இருவரும் அரசு சமூகநல உறைவிடப் பள்ளிகளில் படித்த ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் ஏறிப் பழகியது தெலங்கானாவின் புவனகிரிப் பாறையில்.

அங்கே அரசு நினைத்தது, நடந்தது. இங்கே ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்குச் சோறும் பாயும் கேட்டே நம் குரல் வற்றிப்போகிறது. தோழர்களே, அடுத்த மனுவில் கயிறும் தலைக்கவசமும் ஒரு பயிற்றுநரும் சேர்த்துக் கேட்போம்.