நிற்கும் இடமே பெயர்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை இறுதியில் அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். அணிகள் 32உம் பயிற்சி முகாமைத் தொடங்குகின்றன. அணிக்கு 90 பேர் வரை முகாமில் இருக்கலாம். ஆகஸ்ட் இறுதியில் அந்த எண்ணிக்கை 53 ஆகக் குறைந்தாக வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், 2,880 பேரில் 1,184 பேர் ஒரு மாதத்திற்குள் தம் இடத்தை இழக்கிறார்கள். அவர்களுள் சிலருக்குப் பயிற்சிக் குழுவில் இடம் கிடைக்கும். அதுவும் அணிக்கு ஏறத்தாழ 16 பேருக்கே. மற்றவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். நீக்கப்படுபவரை அழைத்துச் செல்ல வருபவருக்கு முகாம் வழக்கில் ‘டர்க்’ என்று பெயர். ‘பயிற்றுநர் அழைக்கிறார், ஆட்ட ஏட்டையும் எடுத்துக்கொண்டு வா’ என்று அவர் சொன்னால் வேறு விளக்கம் தேவையில்லை.

இந்தப் போட்டியில் லைன்பேக்கர்களின் நிலை தனித்தன்மை உடையது. தடுப்பு அணியில் 11 பேர். முன்வரிசையில் பருத்த உடலினர் எதிரணியோடு நேருக்கு நேர் மோதுவர். கடைசியில் வேகமாக ஓடக்கூடிய காவலர்கள் நிற்பர். இரண்டுக்கும் இடையில் நிற்பவர்கள் லைன்பேக்கர்கள். முன்னோக்கிப் பாய்வதும் பின்னோக்கி ஓடுவதும் அவர்கள் வேலையே. இடைநிலம் எப்போதும் இரு பக்கமும் உரிமை கோரப்படும் நிலம். அதனால்தான் லைன்பேக்கர்கள் அடிக்கடி இடம் மாற்றப்படுகிறார்கள்.

அவர்களுக்கு மைக், சாம், வில் எனப் பெயர்கள் உண்டு. இவை ஆட்களின் பெயர்கள் அல்ல, இடங்களின் பெயர்கள். நடு, வலிய பக்கம், மெலிந்த பக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே இப்பெயர்களுக்கும் முதலெழுத்துகள். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பந்து நகர்வதற்கு முன் எதிரணியின் குவார்ட்டர்பேக் ஒருவரைச் சுட்டி, ‘அவர்தான் மைக்’ என்று உரக்க அறிவிப்பார். அவ்வாறு சுட்டப்படுபவர் தம் அணியில் மைக்காகவே இருக்க வேண்டும் என்பதில்லை. யாரை எவர் தடுப்பது என்று தம் முன்வரிசை எண்ணத் தொடங்குவதற்கு ஒரு புள்ளி வேண்டும். அந்தப் புள்ளிக்குத்தான் அந்தப் பெயர். ‘இங்கே’, ‘அது’ போன்ற சுட்டுச் சொற்களின் பொருள் பேசுபவர் நிற்குமிடத்தைப் பொறுத்து மாறுவதைப் போலவே, மைக் யார் என்பதும் யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.

தமிழில் ‘ஓடு’ என்னும் சொல் தனியே நின்றால் ஏவல் வினை. ஆமையின் முதுகில் இருந்தால் பெயர். ‘நண்பனோடு’ என்பதில் ஒட்டி நின்றால் வேற்றுமை உருபு. வடிவம் ஒன்றுதான், நிற்கும் இடமே அதன் வகையைத் தீர்மானிக்கிறது. ஆனால் இடம் மாறுவதால் சொல்லுக்கு இழப்பு ஏதுமில்லை. மனிதனுக்கு உண்டு.

அரிசோனா கார்டினல்ஸ் அணியின் சில ஆண்டுகளை எடுத்துப் பார்த்தால் அந்த இழப்பின் அளவு புரியும். 2017ஆம் ஆண்டுத் தேர்வில் 13ஆவது இடத்தில் ஹாசன் ரெடிக்கை அந்த அணி எடுத்தது. டெம்பிள் பல்கலைக்கழகத்தில் அவர் முன்வரிசையின் ஓரத்தில் நின்று குவார்ட்டர்பேக்கைத் துரத்தியவர். அந்த உயரமும் எடையும் ஓரத்திற்குப் போதாது என்று கருதி அவரை நடுவில் நிறுத்தினார்கள். முதல் மூன்று பருவங்களில் அவர் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியது மொத்தம் 7.5 முறை. 2020 மே மாதத்தில், அவருடைய ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமையை அணி கைவிட்டது. அந்தப் பருவத்தில் அவர் ஓரத்திற்குத் திரும்பினார், 12.5 முறை வீழ்த்தினார். அவற்றுள் ஐந்து, நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் வந்தவை. அடுத்து, தம் கல்லூரிப் பயிற்றுநரே தலைமை வகித்த கரோலைனா அணிக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் சென்று 11. பின்னர் 2022இல் பிலடெல்பியாவில் 16. ஆள் அதே ஆள்தான். மூன்று ஆண்டுகள் தோல்வி எனப் பதிவானது அவருடைய திறன் அன்று, அவர் நிறுத்தப்பட்ட இடம்.

அதே அணி 2020இல் எட்டாவது இடத்தில் ஐசாயா சிம்மன்ஸை எடுத்தது. கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் அவர் நடுவிலும் ஓரத்திலும் பின்வரிசையிலும் ஆடியவர். எங்கும் ஆடக்கூடியவர் என்பதே அவருக்குக் கிடைத்த புகழ். தொழில்முறை ஆட்டத்தில் அதுவே சுமையாயிற்று. லைன்பேக்கராகத் தொடங்கினார், 2023இல் புதிய பயிற்றுநர்கள் வந்ததும் பின்வரிசைக்கு மாற்றப்பட்டார், அந்த ஆகஸ்டிலேயே ஓர் ஏழாம் சுற்றுத் தேர்வுக்கு ஈடாக ஜயன்ட்ஸுக்குக் கைமாற்றப்பட்டார். எல்லா இடமும் தெரிந்தவர் என்று சொல்லப்படுபவருக்குத் தமக்கென்று ஓர் இடம் அமையாமல் போவது விளையாட்டில் மட்டும் நிகழ்வதன்று.

இவர்களுக்கு நடுவில் ஜார்டன் ஹிக்ஸின் கதை வேறு வகையானது. 2021இல் அரிசோனா 16ஆவது இடத்தில் ஸேவன் காலின்ஸை எடுத்தபோது, நடு லைன்பேக்கராகத் தொடக்கத்திலிருந்தே ஆடப்போகிறவர் அவரே என்று அணி அறிவித்துவிட்டது. அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்தவர் ஹிக்ஸ். வேறு அணியைத் தேடிக்கொள்ள அவருக்கு அனுமதியும் கிடைத்தது. அவர் போகவில்லை, அல்லது போக இடம் அமையவில்லை. எப்படியோ முகாமுக்கு வந்தார். அங்கே போட்டி வலிமையால் மட்டும் நடப்பதன்று. 2008 முதல் தடுப்பு அணியில் ஒருவருக்குத் தலைக்கவசத்தில் வானொலி உண்டு. அதன் அடையாளம் ஒரு பச்சைப் புள்ளி. பக்கக் கோட்டிலிருந்து வரும் கட்டளையைக் கேட்டு, மற்ற 10 பேருக்கும் சொல்லி, எதிரணி நிலை மாற்றினால் கட்டளையையும் மாற்றிச் சொல்ல வேண்டியவர் அவர். ஆட்டக் கடிகாரத்தில் 15 நொடி எஞ்சும்போது அந்த ஒலி அறுந்துவிடும். அதன்பின் அறிந்ததைக் கொண்டுதான் பேச வேண்டும். இந்தப் பேச்சைக் கற்க ஆண்டுகள் ஆகும். அந்தப் பருவத்தின் 17 ஆட்டங்களையும் தொடங்கியவர் ஹிக்ஸ். அடுத்த மார்ச்சில் அணி அவரை விடுவித்தது, மின்னசோட்டா எடுத்துக்கொண்டது. காலின்ஸோ 2023இல் ஓரத்திற்கு மாற்றப்பட்டார்.

ஹிக்ஸ் வென்றாரா, தோற்றாரா? முகாமில் வென்றார், பட்டியலில் தோற்றார். இரண்டும் உண்மை.

பெயருக்கு விலையும் உண்டு. 2008இல் பால்ட்டிமோர் அணி டெரல் சக்ஸை லைன்பேக்கர் என்று குறித்து ஓராண்டுத் தக்கவைப்புத் தொகையை நிர்ணயித்தது. அவரோ தாம் முன்வரிசை ஓர வீரர் என்று வழக்காடினார். இரு பெயர்களுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ எட்டு லட்சம் டாலர். முடிவில் இரு தரப்பும் நடுத்தொகைக்கு இணங்கின. 2014இல் நியூ ஆர்லியன்ஸின் ஜிம்மி கிரஹாம் தம்மைப் பந்து பிடிப்பவராகக் கருத வேண்டும் என்று கோரியபோது, தீர்ப்பாளர் அவர் டைட் எண்டே என்று முடிவு செய்தார். ட்விட்டரில் அவர் தம்மை அவ்வாறே குறிப்பிட்டிருந்ததும் எடுத்துக்காட்டப்பட்டது. தன்னைத் தானே விவரித்த ஒரு சொல், கிடைத்திருக்கக்கூடிய ஐம்பது லட்சம் டாலருக்கு எதிரான சாட்சியாயிற்று.

ஆனால் வழக்காடும் வலு பெரும் ஆட்டக்காரர்களுக்கே. 90 பேரில் 60ஆவது ஆளாக இருப்பவருக்கு அந்த வழி இல்லை. இன்றைய ஆட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட நேரம் களத்தில் இரண்டு லைன்பேக்கர்களே நிற்கிறார்கள். மூன்றாமவருக்கு மாற்றாக ஒரு பின்வரிசைக் காவலர் வந்துவிடுகிறார். எனவே நான்காவது, ஐந்தாவது லைன்பேக்கர் பிழைப்பது பந்தை உதைக்கும் தருணங்களில் ஓடிச் சென்று மோதும் வேலையால்தான். 53க்குள் நின்றால் 2025 கணக்கில் புதியவருக்குக் குறைந்தது 8,40,000 டாலர். பயிற்சிக் குழுவில் வாரத்திற்குக் குறைந்தது 13,000. இரண்டும் இல்லையென்றால் ஒன்றுமில்லை.

முகாமில் ஒவ்வோர் இடத்தாருக்கும் தனிக் கூட்ட அறை உண்டு. இடமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. ‘நாளை முதல் நீ அந்த அறைக்குப் போ’ என்பார்கள். கல்லூரிக் காலம் முழுதும் பின்வரிசையில் நின்று கற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பத்துக் கிலோ எடை கூட்டி, புதிய சொற்களை மூன்று வாரத்தில் மனப்பாடம் செய்ய வேண்டும். இந்த மாற்றம் தன்னைக் காக்கவா, கழிக்கவா என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. பெரும்பாலும் சொல்பவருக்கே தெரிவதில்லை. மறுநாள் காலை அவன் அந்த அறைக்குப் போய், காலியாக இருக்கும் நாற்காலியில் அமர்கிறான்.