கட்டடத்தைக் கடைசியில் கட்டு

அன்புள்ள யாழினி,

உன் மின்னஞ்சலும் அதோடு வந்த வரைபடமும் கிடைத்தன. எழும்பூர் ரயில் நிலையத்தைச் சிறிய அளவில் கட்டப் போகிறாய் என்று படித்ததும் உன் அம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டேன். நம் வீட்டில் இப்படி ஓர் ஆசை யாருக்காவது வராதா என்று நெடுநாளாகக் காத்திருந்தவன் நான். அங்கே உன் நிலவறையில் நாலு மீட்டர் சுவர் காலியாக இருப்பதாகவும், நிலையத்தின் முகப்பை முதலில் லேசரில் வெட்டி எடுக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். அதை மட்டும் வேண்டாம்மா. கட்டடத்தைக் கடைசியில் கட்டு. ஏன் சொல்கிறேன் என்பதற்கு அந்த நிலையத்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தென்னிந்தியாவின் பெரும்பகுதி நூறு வருடத்துக்கு மேல் மீட்டர் கேஜில் ஓடிய நாடு. 1870-ல் வைஸ்ராய் மேயோ காலத்தில், செலவைக் குறைக்க வேண்டும் என்று ஒரு மீட்டர் அகலப் பாதையைத் தேர்ந்தார்கள். அகலப் பாதை 1676 மில்லிமீட்டர், இது 1000. 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் - திருச்சி தடம் அகலப் பாதையாகத்தான் போடப்பட்டது. பிறகு அதையும் பிடுங்கி மீட்டர் கேஜாக்கினார்கள். அந்தப் பாதைகளை நடத்திய தென்னிந்திய ரயில்வேக்குத் தலைமையகம் திருச்சி. சென்னையில் அதன் வாசல் எழும்பூர்.

இப்போது நிற்கும் கட்டடத்தின் வேலை 1905-ல் தொடங்கி 1908 ஜூனில் நிலையம் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையும் மைசூர் அரண்மனையும் அவர் கைவேலை. கட்டிக் கொடுத்த ஒப்பந்ததாரர் பெங்களூர் சாமிநாத பிள்ளை. செலவு 17 லட்சம் ரூபாய். குவிமாடம், வளைவுகள், சிவப்பும் வெள்ளையும் என்று நீ படத்தில் பார்த்து மயங்கியதெல்லாம் அந்த மூன்று வருட உழைப்பு. நானும் அதில் மயங்கியவன்தான். ஆனால் அந்த முகப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யோசித்துப் பார். காந்தி இர்வின் சாலையைப் பார்க்கிறது. தண்டவாளங்கள் அதன் முதுகுக்குப் பின்னால், வடக்கே. முகப்பை உன் கண்ணுக்கு நேராக வைத்தால் ரயில்கள் அத்தனையும் கட்டடத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். நீ கட்டுவது ஒரு பொம்மை மாளிகையாக நின்றுவிடும்.

ஆகவே வடக்கே பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் நின்று பார்ப்பதுபோல அமைத்துக்கொள். முன்னால் உள்ளூர் எலெக்ட்ரிக் ரயில் தடங்கள், நடுவில் வெளியூர் வண்டிகளின் நடைமேடைகள், கடைசியில் சுவரை ஒட்டிக் கட்டடத்தின் பின்புறம். கூரைக்கு மேலே குவிமாடங்கள் எட்டிப் பார்த்தால் போதும், எழும்பூரைத் தெரிந்த எவரும் பெயர் சொல்லிவிடுவார்கள். இரும்புக் கூரையைத் தூக்கி எடுக்கிற மாதிரி செய். அடியில் ஒரு பெட்டி தடம் புரண்டால் கை போக வேண்டும்.

அடுத்தது, எழும்பூர் எந்த வகையான முனையம் என்பது. உன் படத்தில் எல்லாத் தடங்களும் கிழக்கே முட்டுக்கட்டையில் முடிகின்றன. அது சென்னை சென்ட்ரல். அங்கே உள்ளே வந்த வண்டியின் எஞ்சின் பெட்டிகளுக்கும் முட்டுக்கட்டைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். வேறொரு எஞ்சின் வந்து ரேக்கை, அதாவது பெட்டி வரிசையை, பின்னுக்கு இழுத்தால்தான் அதற்கு விடுதலை. எழும்பூர் அப்படியல்ல. வெளியூர் வண்டிகளுக்கு அது கடைசி நிலையம், ஆனால் தண்டவாளம் அங்கே முடியவில்லை. கிழக்கே பூங்கா, கோட்டை என்று கடற்கரை வரை போகிறது. வந்து நின்ற எஞ்சின் கழன்று முன்னால் நகர்ந்து, பக்கத்துத் தடம் வழியாகத் திரும்பி வரலாம். அதே நேரம் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு உள்ளூர் வண்டி ஓயாமல் வந்து போய்க்கொண்டிருக்கும். முனையமாகவும் வழி நிலையமாகவும் ஒரே இடம் இருப்பது மாடல் கட்டுகிறவருக்குக் கிடைத்த வரம். கிழக்குச் சுவரில் ஒரு துளை போட்டு உள்ளூர்த் தடங்களைப் பின்னால் ஒரு மறைவான வளையத்துக்குக் கொண்டுபோ. அதுதான் உன் கடற்கரை. அந்த வளைவின் ஆரம் 50 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம்.

இங்கிலாந்துக்காரர் ஸிரில் ஃப்ரீசர் 1957-ல் வெளியிட்ட ‘மினரீஸ்’ என்ற வரைபடத்தைத் தேடிப் பார். ஒரு பெருநகர முனையத்தை மூன்று நடைமேடையில் அடக்கிக் காட்டியவர் அவர். அதில் கற்க வேண்டியது தடம் மாற்றும் பாயிண்டுகளை அடுக்கிய விதம். பெட்டிகள் இடதும் வலதும் சட்டென்று நெளியாமல் எந்தத் தடத்திலிருந்தும் எந்த நடைமேடைக்கும் போகும்படி அமைத்திருப்பார். அது முட்டுச்சந்து நிலையம் என்பதால் அப்படியே நமக்கு ஒத்துவராது. ஆனால் உன் மேற்கு முனைக்கு, அதாவது சேத்துப்பட்டுப் பக்கத்துக்கு, அதைவிட நல்ல ஆசான் கிடையாது.

அளவு விஷயத்தில் நீ இருக்கிற ஊர் உனக்குக் கைகொடுக்கிறது. அங்கே சுவிட்சர்லாந்தில் ரேஷியன் ரயில்வே இன்றும் மீட்டர் கேஜில் ஓடுகிறது. அதனால் 1:87 அளவில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம், பாயிண்ட், எஞ்சின் எல்லாம் பெமோ போன்ற மாடல் நிறுவனங்களிடம் தயாராகக் கிடைக்கும். சென்னையில் இருந்துகொண்டு அந்த அளவில் மீட்டர் கேஜ் மாடல் கட்டுவது எவ்வளவு சிரமம் தெரியுமா? நம் மீட்டர் கேஜ் பெட்டி ஏறக்குறைய 20 மீட்டர். அந்த அளவில் 23 சென்டிமீட்டர். பன்னிரண்டு பெட்டி வைத்தால் அதுவே இரண்டே முக்கால் மீட்டர், பாயிண்டுகளுக்கு இடமே மிஞ்சாது. ஆறு பெட்டியோடு நிறுத்திக்கொள். பெட்டியின் நீளத்தைச் சுருக்காதே, எண்ணிக்கையைக் குறை. குறுகிய பெட்டி பார்த்த உடனே பொய்யாகத் தெரியும். ஆறு பெட்டி மெயிலைக் கண் ஏற்றுக்கொள்ளும்.

இனி எந்த வருடம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இதைத்தான் நீ யோசிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். எழும்பூர் ஒன்றல்ல. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போட் மெயில் இங்கிருந்து தனுஷ்கோடிக்குப் போனது. அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார், அப்புறம் கொழும்பு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்தப் பயணம் முடிந்தது. 1931-ல் கடற்கரை - தாம்பரம் இடையே மின்சார ரயில் வந்தது, அதுவும் மீட்டர் கேஜில். நாட்டிலேயே அப்படி ஒரு புறநகர்ச் சேவை வேறெங்கும் இருந்ததில்லை. 1960-களில் மின்கம்பி விழுப்புரம் வரை நீண்டது. அந்தப் பாதைக்காக ஜப்பானில் மிட்சுபிஷி செய்து கொடுத்த ஒய்ஏஎம்-1 எஞ்சின்கள் மொத்தம் 20. இந்தியாவில் மீட்டர் கேஜில் ஓடிய ஏசி மின்சார எஞ்சின் வகை அது ஒன்றுதான். விழுப்புரத்தில் அது கழலும், தெற்கே வேறு எஞ்சின் இழுக்கும். 1977 ஆகஸ்ட் 15 அன்று வைகை எக்ஸ்பிரஸ் மதுரைக்குப் புறப்பட்டது. பிறகு தொண்ணூறுகளில் அகலப் பாதை வந்தது. கடைசி மீட்டர் கேஜ் உள்ளூர் ரயிலும் 2004-ல் நின்றது.

என்னைக் கேட்டால் 1970-ஐ ஒட்டிய ஒரு வருடத்தை எடு. மெயில் வண்டிக்கு ஒய்ஏஎம்-1, கரும்பழுப்புச் சிவப்புப் பெட்டிகள், உள்ளூருக்கு நாலு பெட்டி மின்தொடர், ஷண்டிங்குக்கு நீராவி எஞ்சின். இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் ஒரே கூரையடியில் பார்த்தவன் சொல்கிறேன், அந்த நிலையம் அவ்வளவு உயிரோடு வேறெந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இன்னொரு காரணம் செலவு. ஒய்ஏஎம்-1 நான்கு அச்சு எஞ்சின். ரேஷியன் ரயில்வேயின் ஜிஇ 4/4 இரண்டாம் வகையும் நான்கு அச்சுதான். பழைய மாடல் ஒன்றை வாங்கி அடிச்சட்டத்தை வைத்துக்கொண்டு, மேல்கூட்டை மட்டும் முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். வைகை வேண்டும் என்றால் ஒய்டிஎம்-4 டீசல் வேண்டும். அதற்கு மூன்று அச்சுள்ள போகி இரண்டு. அங்கே கிடைக்கும் நவீன ஆறு அச்சு எஞ்சினுக்கு இரண்டு அச்சுப் போகி மூன்று. பக்கவாட்டில் பார்த்தால் பொருந்தவே பொருந்தாது.

வருடத்தைத் தீர்மானித்துவிட்டால் தடங்களின் வேலை தானாகப் புரியும். காலையில் மெயில் வருகிறது. எஞ்சின் கழன்று கிழக்கே நகர்கிறது. ஷண்டிங் எஞ்சின் ரேக்கை மேற்கே கழுவுமிடத்துக்கு இழுத்துப் போகிறது. பார்சல் வண்டி மட்டும் நடைமேடையில் தங்குகிறது. மாலையில் எல்லாம் தலைகீழ். இதற்கிடையில் உள்ளூர் வண்டிகளை ஒன்றுகூடத் தாமதிக்க விடாமல் நடத்த வேண்டும். சிக்னல் கேபின்காரர்கள் நெம்புகோல்களை இழுத்து அன்றாடம் செய்த வேலை அது, பயணிகள் யாரும் திரும்பிப் பார்க்காத வேலை. உன் மாடல் அவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை. கார்கள் நடைமேடை ஓரம் வரை போய் நிற்கும் சாலையையும் விட்டுவிடாதே. அது எழும்பூரின் அடையாளங்களில் ஒன்று.

இப்போதைக்கு எதையும் வாங்காதே. மேற்குப் பக்கப் பாயிண்ட் வரிசையை மட்டும் முழு அளவில் தாளில் வரைந்து தரையில் விரி. 23 சென்டிமீட்டர் அட்டைத் துண்டுகள் ஆறு வெட்டி, மெயில் உள்ளே வருவதையும் ரேக் வெளியே போவதையும் கையால் நகர்த்திப் பார். எந்தப் பாயிண்டில் உள்ளூர்த் தடம் மறிபடுகிறது என்று குறித்து அனுப்பு, நான் திருத்தி அனுப்புகிறேன். வைகை இல்லாமல் உன்னால் இருக்க முடியுமா என்பதையும் எழுது.

அன்புடன்,
மாமா