செவ்வாய் மண்ணில் ஒரு தேர்

“ஏழாமிடத்தில் செவ்வாய் நிற்கிறது!” இந்த ஒரே வாக்கியம் எம் இல்லத்தில் ஏழாண்டுக் காலம் குடியிருந்தது. வாடகை தராத குடி. வழக்குப் போட்டும் வெளியேற்றவியலாக் குடி!

எம் தமக்கையார் பட்டம் பெற்றவர்; பள்ளியில் அறிவியல் கற்பிப்பவர். பெண் பார்க்க வந்தோர் படிப்பைக் கேட்டனர், மகிழ்ந்தனர். பண்பைக் கேட்டனர், பாராட்டினர். பின்னர் சாதகக் கட்டத்தைக் கேட்டனர். கண்டதும் காப்பியைக் குடித்தனர், கும்பிட்டனர், சென்றனர். செவ்வாய் தோஷமுள்ள பெண்ணை மணந்தால் கணவனுக்கு ஆகாதாம்! கோடிக்கணக்கான கல் தொலைவில் சுழலும் கோளொன்று, எம் ஊர்த் தெருவில் நுழைந்து, எம் வீட்டுத் திண்ணை தேடி, ஒரு பெண்ணின் வாழ்வை மறித்து நின்றதாம்!

அந்தக் கோளை நாம் 2004-ஆம் ஆண்டில்தான் முதன்முதலாகக் கண்டோம். சனவரித் திங்களில் அமெரிக்காவின் நாசா அமைப்பு அனுப்பிய இரு இயந்திர ஊர்திகள், மூன்று வார இடைவெளியில், செவ்வாயின் இருவேறு பக்கங்களில் இறங்கின. ‘ஸ்பிரிட்’ ஒன்று, ‘ஆப்பர்ச்சுனிட்டி’ மற்றொன்று. அந்தப் பெயர்களைச் சூட்டியவர் அமைச்சரல்லர், அறிஞரல்லர். சைபீரியாவில் அநாதை இல்லத்தில் வளர்ந்து, அமெரிக்கக் குடும்பமொன்றில் தத்துப் பிள்ளையான ஒன்பது வயதுச் சிறுமி, கட்டுரைப் போட்டியில் எழுதித் தந்த பெயர்கள் அவை. ஆங்கே ஒரு பெண் குழந்தை செவ்வாய்க்குச் சென்ற ஊர்திக்குப் பெயரிட்டாள். ஈங்கே செவ்வாயின் பெயரால் ஒரு பெண் ஒதுக்கப்பட்டாள்!

சனவரி 25 அன்று ஆப்பர்ச்சுனிட்டி காற்றுப் பைகளால் பொதியப்பட்டு வீழ்ந்து, பந்தெனத் துள்ளி உருண்டு, சிறியதொரு பள்ளத்திற்குள் போய் நின்றது. ஆறு சக்கரத் தேர் அது. வடம் பிடிக்க ஆளில்லை. ஆணை பிறப்பிப்போர் பூமியில். அவ்வாணை சென்று சேரவே பல நிமிடங்கள் ஆகும். இழுக்கும் ஆற்றலோ ஞாயிற்றின் ஒளி. தொண்ணூறு நாள் உழைத்தால் போதுமென்றே அனுப்பினர்.

இணைய நிலையமொன்றில், மணிக்குக் காசு கொடுத்து, நாம் அந்தப் படங்களைப் பார்த்தோம். துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் மண். ஆம், துருவேதான்! செவ்வாயின் சிவப்பு சினத்தின் சிவப்பன்று. இரும்பு ஆக்சைடின் சிவப்பு. மண்மேல் மிளகினும் சிறிய உருண்டைகள் சிதறிக் கிடந்தன. ஹெமடைட் என்னும் இரும்புத் தாது அவற்றில் உண்டென ஊர்தியின் கருவிகள் கண்டன. முன்னொரு காலத்தில் அங்கே நீர் இருந்தது என்பதற்கு அவையும், உப்புப் படிந்த பாறைகளும் சான்றாயின.

இவ்வளவும் அறிந்த நாம் என்ன செய்தோம்? தோழர்களே, ஒளிக்காமல் சொல்கிறோம்: அதே திங்களில் அன்னையாரின் கண்ணீருக்கு அஞ்சி, தமக்கையாரின் சாதகத்தைச் சுமந்து, சோதிடர் வீட்டுப் பாயில் அமர்ந்தோம்! பரிகாரப் பட்டியலை எம் கையாலேயே எழுதி வந்தோம். மேடையிலே பகுத்தறிவு, பாயிலே பணிவு! அந்த வெட்கம் இன்றும் நெஞ்சில் முள்ளாய் உறுத்துகிறது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் அந்தத் தேர் மணலில் புதைந்தது. சக்கரங்கள் சுழன்றன, ஊர்தி நகரவில்லை. பொறியாளர்கள் பூசை போட்டனரா? நாள் பார்த்தனரா? கலிபோர்னியாவிலுள்ள ஆய்வுக்கூடத்தில் மணலையும் களிமண் தூளையும் கலந்து, செவ்வாய் மண்ணைப் போலொரு மண் சமைத்தனர். அதில் மாதிரி ஊர்தியைப் புதைத்தனர். மீட்கும் வழியைச் சோதித்தனர். பின்னரே ஆணையிட்டனர். சிறிது சிறிதாக நகர்ந்து, ஐந்து வாரங்களுக்குப் பின், சூன் 4 அன்று தேர் மீண்டது.

அந்தச் செய்தியையும் படங்களையும் தமக்கையாரிடம் காட்டினோம். நெடுநேரம் நோக்கியிருந்தார்.

“தம்பி, இந்த மண்ணா என்னைத் தடுத்தது?” என்றார்.

நாம் வாய் திறக்கவில்லை.

“மண் தடுக்கவில்லை. நாம்தாம் நின்றுவிட்டோம்” என்றார்.

அன்றிரவே சாதகத்தைக் கிழித்தார். தம்முடன் பணிபுரிந்த, கட்டம் கேளாத ஓர் ஆசிரியரை, அய்யரின்றி, மந்திரமின்றி, மாலை மாற்றி மணந்தார். 1967-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. நாள் குறித்தவரும் அவரே: செவ்வாய்க்கிழமை!

அத்தான் இன்றும் நலமாக இருக்கிறார். ஆயினும் அதை நாம் சான்றாகக் காட்டமாட்டோம். ஒருவர் வாழ்ந்தாரா, வீழ்ந்தாரா என்பதைக் கொண்டு கோளுக்குத் தீர்ப்பெழுதுவது சோதிடனின் முறை, நம் முறையன்று. அவர் நோயுற்றிருந்தாலும் குற்றவாளி கிருமியாக இருந்திருக்கும், செவ்வாயாக இருந்திராது.

2013 நவம்பர் 5, அதுவும் செவ்வாய்க்கிழமையே, சிறீஅரிக்கோட்டாவிலிருந்து மங்கள்யான் எழுந்தது. அதன் திட்ட இயக்குநர் திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்த சுப்பையா அருணன். செவ்வாய்க்குப் போகச் செவ்வாய்க்கிழமை தடையாகவில்லை. தெருக்கோடிக்குப் போகத் தடையென்பார் இன்றும் உளர்!

தொண்ணூறு நாளுக்கெனப் போன தேரோ பதினான்கு ஆண்டுகள் ஓடியது. 45 கிலோமீட்டர் கடந்தது. 2018 சூனில் கோளையே மூடிய புழுதிப் புயல் ஞாயிற்றை மறைக்க, ஊர்தி ஓய்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆணைகள் அனுப்பியும் விடையில்லை. 2019 பிப்ரவரி 13 அன்று பணி நிறைவுற்றதென அறிவித்தனர். அன்று தமக்கையாரின் மகள், வீட்டுச் சுவரில் தான் ஒட்டியிருந்த படத்தின் கீழே, “நன்றி” என்று எழுதினாள். அவளுக்குச் சாதகம் எழுதப்படவில்லை.

இளைஞனே! உன் வீட்டுப் பெட்டியிலும் ஒரு கட்டம் உறங்கக்கூடும். அதன் பொருட்டு உன் தமக்கையோ தங்கையோ உறங்காதிருக்கக்கூடும். எம்மைப் போல் பாயில் போய் அமராதே. செவ்வாயின் படத்தை எடுத்துச் செல். அவள் முன் வை. ஏழாண்டு காத்திராதே, இன்றே வை!