சிறிய தொட்டிக்கு ஒரு சாதுவான மீன்

மீன் வளர்ப்பது எமக்குப் புதிய விடயமல்ல. ஊரில் ஜாம் போத்தலுக்குள் மீன் விட்டுப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. இன்று ஜேர்மனியிலும் எமது வீடுகள் சிலவற்றின் வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டியைக் காணலாம். பெரும்பாலானவை நன்னீர்த் தொட்டிகள். உப்புநீரில் உயிருள்ள முருகைக்கற்களோடு கடல்மீன் வளர்ப்போர் சிலரே. எங்கள் வீட்டுத் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போன நண்பர்கள், "எந்த மீன் வாங்கலாம்?" என்று தொலைபேசியில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எல்லோருக்குமாக எழுதலாம் என்று நினைத்தேன்.

எங்களுடையது 60 சென்ரிமீற்றர் நீளமும் 40 அகலமும் 40 உயரமும் கொண்ட தொட்டி. கணக்குப்படி 96 லீற்றர்; கல்லும் மணலும் போக 80 லீற்றர் தண்ணீர்தான் இருக்கும். புதுத் தொட்டியில் உடனே மீன் விட முடியாது. மீனின் கழிவில் உண்டாகும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் கல்லில் குடியேற வேண்டும். அதற்கு நாலு முதல் ஆறு கிழமை ஆகும். அதன்பின் முதலில் விட்டது இரண்டு கோமாளி மீன்கள். செம்மஞ்சள் உடலில் வெள்ளைப் பட்டி போட்டவை. 2003இல் வந்த நீமோ படத்தின் பின் இவற்றைத் தெரியாத பிள்ளைகள் இல்லை. கடலிற் பிடிக்காமல், பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்தவையே இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன.

ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. பதினொரு வயது மகள் அப்போதுதான் கேட்டாள்: "அப்பா, இன்னுமொரு மீன் வேணும். நல்ல வடிவான நிறமாய், ஆனால் சண்டை பிடிக்காததாய்."

கேட்பது சுலபம். கடலில் நிறமும் சாதுவும் ஒன்றாகச் சேர்ந்திருப்பது குறைவு. கடையில் கண்ணைப் பறிப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மகள் முதலில் கேட்டது டோரி படத்து நீல மீன். கடையில் அது தீப்பெட்டி அளவில் இருக்கும். வளர்ந்தால் 30 சென்ரிமீற்றர் வரை வரும். நாள் முழுக்க நீந்தித் திரியும் சாதி. 60 சென்ரிமீற்றர்த் தொட்டியில் அது திரும்பித் திரும்பிக் கண்ணாடியில் முட்டத்தான் வேண்டும்.

அடுத்தது மண்டரின் மீன். நீலமும் பச்சையும் செம்மஞ்சளும் கோலம் போட்டதுபோல் ஓடும். எவரோடும் சண்டைக்குப் போகாது. ஆனால் கல்லிடுக்கில் வாழும் கண்ணுக்கெட்டாத சிறு உயிர்களையே நாள் முழுக்கக் கொத்தித் தின்னும். சிறிய தொட்டியில் அவை சில கிழமைகளில் முடிந்துவிடும். நாம் போடும் உறைந்த உணவை மண்டரின்களில் பல தொட்டும் பாராது. இத்தனை வடிவான மீன் எங்கள் கண்முன்னே பட்டினியில் மெலிந்து சாகும்.

மலிவானது நீல டாம்செல் மீன். ஆங்கிலத்தில் அதற்கு 'நீலப் பிசாசு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். விரல் நீளந்தான், தொட்டி முழுவதும் தனக்கென்று நினைக்கும். வண்ணாத்திப்பூச்சி மீன்களில் பல முருகையையே கடித்துத் தின்பவை. நெருப்பு மீன் என்றொன்று உண்டு: முன்பாதி வெள்ளை, வால் சிவப்பு, மிகவும் சாது. ஆனால் பயந்த சுபாவம். ஏற்கனவே இரண்டு பேர் ஆட்சி செய்யும் வீட்டில் அது பொந்தை விட்டு வெளியே வராமற் போகலாம். வெருண்டால் தொட்டிக்கு வெளியேயும் பாய்ந்துவிடும்.

ஒரு மீன் சாதுவா முரடா என்பதை அதன் சாதி மட்டும் தீர்மானிப்பதில்லை, இடமும் தீர்மானிக்கிறது என்பதை இங்கே சொல்லவேண்டும். கடலில் துரத்தப்படும் மீன் பத்து மீற்றர் ஓடித் தப்பும். தொட்டியில் ஓட இடமில்லை. துரத்துகிற மீனுக்கும் விலக இடமில்லை. எண்பதுகளின் இறுதியில் இங்கு வந்து ஹைமில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே அறையில் ஆறு கட்டில்கள். ஊரில் அயலட்டையோடு ஒரு சொல் பேசி அறியாத மனிதர்கள், குளிர்சாதனப் பெட்டியின் ஒரு தட்டுக்காகச் சண்டை பிடித்தார்கள். கட்டில்களுக்கிடையே பழைய சீலையைக் கட்டி மறைத்த பிறகு பாதிச் சண்டை நின்றது. மனிதர்கள் மாறவில்லை, ஒதுங்க ஒரு மூலை கிடைத்தது, அவ்வளவுதான்.

தொட்டியிலும் அதேதான். மீனைத் தெரிவு செய்யும்போது அதற்கென ஒரு பொந்து இருக்கிறதா, அது ஏற்கனவே இருப்பவரின் இடத்தோடு மோதுகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் கோமாளிகள் வலது பக்க மேல் மூலையில் வாழ்பவை. இடது பக்கம் கல்லின் கீழே ஒரு குகை வெறுமையாக இருந்தது. குகையில் வாழும், நிறமான, 8 சென்ரிமீற்றரைத் தாண்டாத மீன் எது? நானும் மகளும் நூலகத்துப் புத்தகங்களைப் புரட்டி ஒரு பெயரில் வந்து நின்றோம்: ரோயல் கிராமா.

இது கரீபியன் கடல் மீன். தலைப்பக்கம் ஊதா, வாற்பக்கம் மஞ்சள். முருகையைத் தொடாது. உறைந்த சிறு இறால் வகைகளை விருப்பத்தோடு தின்னும். தன் குகைக்கு மிக அருகில் வருபவரை வாயை அகலத் திறந்து வெருட்டும். துரத்திப் போய்க் கடிப்பது அரிது. ஒரு தொட்டிக்கு ஒன்றே போதும். சிறிய இடத்தில் இரண்டு கிராமாக்கள் ஒத்துப்போவது கடினம்.

கடையில் ஒரு கவனம் வேண்டும். இதே ஊதாவும் மஞ்சளுமாக இன்னொரு மீன் உண்டு. மேற்குப் பசிபிக்கைச் சேர்ந்த டொற்றிபாக் வகை. தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி. குணத்தில் சரியான முரடு. நாங்கள் போன கடையில் விற்பனையாளர் வலையை எடுத்துவிட்டார். மகள் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது அது இல்லை. முதுகுச் செட்டையில கறுப்புப் பொட்டு எங்க?" என்றாள். அவள் சொன்னது சரி. கிராமாவின் முதுகுச் செட்டையின் முன்பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். கண்ணூடாக ஒரு கருங்கோடு ஓடும். ஊதா சிறுசிறு புள்ளிகளாக மஞ்சளுக்குள் கரையும். மற்றதில் கத்தியால் வெட்டினாற்போல் ஊதா முடிய மஞ்சள் தொடங்கும். வெறுங்கையோடு திரும்பினோம். மகளின் முகம் சுருங்கித்தான் போனது. மூன்று கிழமை பொறுத்து வேறொரு கடையில் சரியான மீன் கிடைத்தது. வாங்குமுன் எங்கள் கண்முன்னே உணவு போடச் சொன்னோம். தின்னாத மீனை, எத்தனை வடிவென்றாலும், வாங்கக் கூடாது.

வாங்கியதை நேரே தொட்டிக்குள் விடவில்லை. நாலு கிழமை தனியாக ஒரு சிறு தொட்டியில் வைத்துப் பார்த்தோம். கடல்மீன்களின் வெண்புள்ளி நோய்க்குச் செப்பு மருந்து உண்டு. ஆனால் முருகையும் இறாலும் அந்த மருந்தில் செத்துவிடும். எனவே நோயை உள்ளே விடாததே வழி. பிறகு ஒரு மாலை கோமாளிகளுக்கு வயிறு நிறையத் தீன் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு கிராமாவை விட்டோம். விடியப் பார்த்தால் இடது குகையிலிருந்து ஊதாத் தலையொன்று எட்டிப் பார்த்தது. கோமாளிகள் இரண்டு நாள் வந்து வந்து பார்த்தன, அது வாயைத் திறந்து காட்டியது, அவ்வளவோடு முடிந்தது. வீட்டுக்கு வந்திருந்த அம்மம்மா மட்டும், "பிள்ளை, மீன் சாகப் போகுது, தலைகீழாய்க் கிடக்குது" என்று பதறிப்போனா. குகைக் கூரையின் கீழ் வயிற்றை மேலே திருப்பி நீந்துவது கிராமாவின் வழக்கம். நீங்களும் பயப்பட வேண்டாம்.

இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று கேட்பீர்கள். இலங்கையிலிருந்து கடல் அலங்கார மீன் ஏற்றுமதி 1930களிலேயே சிறிய அளவில் தொடங்கிவிட்டது. எமது கிழக்குக் கரை முருகைகளிலும் சுழியோடிகள் இந்த மீன்களைப் பிடித்தே சீவிக்கிறார்கள். அவர்கள் பிழைப்பை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் தொட்டியில் மூன்று கிழமையில் சாகும் மீனுக்குப் பதிலாக இன்னொன்று கடலிலிருந்து வரவேண்டும். ஐந்து வருடம் வாழும் மீனுக்குப் பதில் தேவையில்லை. இந்தோனேசியாவின் பங்கை தீவுகளுக்கு மட்டுமே உரிய கார்டினல் மீன், அதிகம் பிடிக்கப்பட்டதால் 2007இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. பண்ணையில் பிறந்தது கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் நாலு கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். வளர்ந்தால் எவ்வளவு பெருக்கும்? என்ன தின்னும்? எங்கே ஒதுங்கும்? எங்கிருந்து வந்தது? நாலுக்கும் விடை தெரிந்த பிறகு நிறத்தைப் பாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். சின்னக் கண்களுக்குப் பொட்டு நன்றாகத் தெரியும்.