கவரைக் கழட்டுங்க பாஸ்!

உங்க தெருவில் கண்டிப்பாக அப்படி ஒரு கார் இருக்கும். சில்வர் கலர் கவர், நாலு மூலையிலும் கயிறு, பானெட் மேலே ஃபுல் டைம் தூங்கும் ஒரு பூனை. ஓனரைக் கேட்டால், "அது நம்ம செல்லம் தம்பி... ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பேன்" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை எப்போ வரும்னு அந்தப் பூனைக்கே தெரியாது!

இப்போ ஒரு கற்பனை. படிப்பு முடிஞ்சு உங்களுக்கு முதல் வேலை கிடைத்திருக்கிறது, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். வீடு மாதவரம் பக்கம். சித்தப்பா தன் பழைய மிட்சுபிஷி லான்சர் செடியா கார் சாவியை உங்கள் கையில் வைத்து, "பார்த்து ஓட்டுடா" என்கிறார். செல்ல வண்டி. ஆனால் தினமும் லாரிக் கூட்டத்துக்கு நடுவே ஓட்டலாமா, இல்லை கவர் போட்டு மூடிவிட்டு ட்ரெயினில் போகலாமா?

பதிலை வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் கிடைக்காது. அந்த ரூட்டிலேயே ஒரு ரவுண்ட் போய்ப் பார்த்துவிடலாம், வாங்க. பெல்ட் போட்டாச்சா?

அண்ணன் பெயர் எவோ!

"செடியாவா? அது நாலு டோர் செடான் ஆச்சே, ஸ்போர்ட்ஸ் காரா?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். நியாயமான கேள்விதான். 2 லிட்டர் பெட்ரோல் என்ஜின், 115 குதிரைசக்தி, டர்போ கிடையாது. இன்றைய சின்ன டர்போ கார்களே இதை ஈஸியாக ஓரங்கட்டிவிடும்.

ஆனால் குடும்பத்தைப் பாருங்கள். ஃபின்லாந்துக்காரர் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நாலு வருஷம் உலக ராலி சாம்பியன். நாலு முறையும் அவர் ஓட்டியது லான்சர் எவல்யூஷன், ரசிகர்கள் பாஷையில் 'எவோ'. பின்னால் வந்த எவோ 7, 8, 9 மூன்றும் நம்ம செடியாவின் உடம்பின் மேல் கட்டியவைதான். நம் ஊர் ராலிகளிலும் எம்.ஆர்.எஃப். அணி செடியாக்களை மண் ரோட்டில் பறக்கவிட்டது.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. எவோ பிறந்ததே ஒரு ரூல் காரணமாகத்தான். அந்தக்கால 'குரூப் ஏ' ராலியில் ஒரு காரை இறக்கணும்னா, அதே கார் 2,500 தயாரித்திருக்கணும். பந்தயத்துக்கு மட்டும் ஸ்பெஷலாக ஒன்றிரண்டு செய்து கொண்டுவந்தால் 'நோ என்ட்ரி'. அதாவது, கடைக்கும் ஆபீஸுக்கும் போகிற கார்தான் பந்தயத்துக்கும் போகணும். இந்தக் குடும்பத்தின் ஜாதகமே அப்படி. தினமும் ஓட்டினால் அதன் மரியாதை குறைந்துவிடாது!

சோழவரத்தில் ஒரு நிமிஷம்

மாதவரம் ரவுண்டானா தாண்டி ஜி.என்.டி. ரோடு. கிராண்ட் நார்தர்ன் ட்ரங்க் ரோடு என்பது முழுப்பெயர். சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் நெடுஞ்சாலை. முன்பு என்.எச். 5, இப்போது 16. புழல் ஏரி, அரிசி ஆலைகள் நிறைந்த செங்குன்றம், அடுத்து சோழவரம்.

இங்கே லேசாக வேகத்தைக் குறையுங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. 1950-களிலிருந்து 1980-களின் கடைசி வரைக்கும் இந்தியாவில் ரேஸ்னாலே அந்த ஓடுதளம்தான். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களைப் பார்க்கச் சென்னையே கிளம்பி வரும். 1980-களில் விஜய் மல்லையா 'என்சைன்' என்கிற ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். கோயம்புத்தூர் எஸ்.கரிவரதன் தானே உருவாக்கிய கார்களோடு வந்து இறங்கினார்.

அவங்களை விடுங்க. அங்கே ஓடிய மற்ற கார்கள் எவை தெரியுமா? ஃபியட், ஹெரால்ட், டால்ஃபின்! தெருவில் ஓடுகிற அதே ரகக் கார்களின் என்ஜினைத் தட்டிக்கொட்டி வேகம் கூட்டி ட்ராக்கில் இறக்கினார்கள். 'பூஜைக்கு ஒரு கார், ரோட்டுக்கு ஒரு கார்' என்ற வசதியெல்லாம் பலருக்கும் அப்போது கிடையாது.

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்த ட்ராக் வந்ததும் ரேஸ் அங்கே போய்விட்டது. சோழவரத்தில் இப்போது ரேஸ் இல்லை. ஆனால் அந்த ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் ஆக்சிலரேட்டரை மிதிக்கத் தோன்றுகிறதா? வேண்டாம் நண்பர்களே! மத்திய அரசின் 2018 அறிவிப்புப்படி நடுவில் தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் காருக்கு உச்சவேகம் மணிக்கு 100 கி.மீ. போர்டில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அந்த நம்பர்தான். வேகம் வேணும்னா இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. இங்கே சைக்கிளில் ஸ்கூலுக்குப் போகிற பையனும் ரோட்டைக் கடப்பான்.

சிப்காட் வைக்கும் டெஸ்ட்

காரனோடையில் கொசஸ்தலை ஆற்றைத் தாண்டி, தச்சூர், கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி. உங்களுக்கு முன்னால் ஒரு ட்ரெய்லர், பின்னால் ஒரு ட்ரெய்லர். இரும்புக் கம்பி, ஸ்க்ராப், கன்டெய்னர் என்று ஒரு ஊரே சக்கரத்தில் நகரும். உருக்காலைகளும் உருட்டாலைகளும் நிறைந்த சிப்காட் இது. இதே தாலுகாவில் தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் மிஷெலின் கம்பெனி லாரி, பஸ் டயர்களைத் தயாரிக்கிறது.

செல்ல காருக்கு இங்கே என்னென்ன ஆபத்து?

முதலில் தூசி. இரும்பு ஆலைப் பகுதிக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் இருக்கும். பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டு, ஈரம் பட்டதும் குட்டிக் குட்டித் துருப்புள்ளியாக மாறும். காலையில் காய்ந்த துணியால் 'பளிச்'சென்று துடைத்தால் நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. முதலில் தண்ணீர், அப்புறம்தான் துணி.

இரண்டாவது, ரோட்டில் கிடக்கும் இரும்புத் துண்டு. லாரியை ஒட்டிக்கொண்டே போனால் அதன் சக்கரம் தாண்டிய துண்டு உங்கள் டயருக்கு அடியில்தான் வரும். இடைவெளி விடுங்கள். ட்ரெய்லர் டிரைவரின் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். இதை மட்டும் மறக்கவே கூடாது.

மூன்றாவது மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் எப்படிப் புரட்டிப்போட்டது என்று நினைவிருக்கும். தேங்கிய தண்ணீரில் காரை இறக்கி, காற்று இழுக்கும் குழாய் வழியாக என்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டால் அவ்வளவுதான். நடுவில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. அந்த மாதிரி நாளில் செல்லத்துக்கு லீவு, உங்களுக்கு மின்சார ரயில்.

அப்போ கவர்தான் பெட்டரா? அங்கேதான் ட்விஸ்ட்! சும்மா நிற்கிற கார் ஓடுகிற காரைவிடப் பாவம். பேட்டரி தானாக வடியும். ஒரே இடத்தில் அழுந்தி டயர் தட்டையாகும். பிரேக் டிஸ்க்கில் துரு பிடிக்கும். டேங்க்கில் பெட்ரோல் கெட்டுப்போகும். ரப்பர் சீல்கள் காய்ந்து போகும். மிச்சம் இருக்கும் ஒயரை எலி பார்த்துக்கொள்ளும்.

அதோடு, தி.நகரில் பால் பாக்கெட் வாங்கப் போகும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் என்ஜின் ஆயில் முழுசாகச் சூடேறவே செய்யாது. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலில் தங்கிவிடும். செங்குன்றத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஒரே சீராக ஓடினால் ஆயில் நன்றாகச் சூடாகும், ஈரம் போகும், பேட்டரி நிறையும். பழைய என்ஜினுக்கு இந்த ரோடு ஒரு விதத்தில் ஜிம் மாதிரி!

பர்ஸ் என்ன சொல்லுது?

போக வர 80 கிலோமீட்டர் என்று வைப்போம். லிட்டருக்கு 10 கிடைத்தால் தினம் 8 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டால்கூட 800 ரூபாய். மாதம் 25 நாள் என்றால் 20,000 ரூபாய்! கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் மாத சீசன் சில நூறு ரூபாய்தான். முதல் சம்பளத்தில் இந்தக் கணக்கு பல்லிளிக்கும்.

இன்னும் இருக்கிறது. 2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. அதை மனதில் வைத்துச் செய்யாத பழைய கார்களில் மைலேஜ் கொஞ்சம் குறையும். எரிபொருள் போகும் ரப்பர் ஹோஸ்களைச் செக் பண்ணித் தேவைப்பட்டால் மாற்ற வேண்டும். டைமிங் பெல்ட்டை ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்த்து விட்டுவைக்காதீர்கள். அதன் வயசையும் பாருங்கள், அறுந்தால் நடுரோட்டில் நிற்பீர்கள். ஆர்.சி. புத்தகம் 15 வருஷத்துக்குத்தான். அப்புறம் ஃபிட்னெஸ் காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 2011 மாடல் என்றாலே 2026-ல் அந்த நாள் வந்துவிடும்.

பிறந்த வீட்டு வாசலில்...

திரும்பும் வழியில் செங்குன்றத்திலிருந்து மேற்கே வண்டியைத் திருப்புங்கள். தாமரைப்பாக்கம் கூட்டுரோடு வழியாகத் திருவள்ளூர். காரனோடையில் பார்த்த கொசஸ்தலை ஆறு இந்தப் பக்கம் பூண்டி ஏரியிலிருந்துதான் வருகிறது. வீரராகவப் பெருமாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடம்பத்தூர் பக்கம் போனால் அதிகத்தூர். உங்கள் காரின் பிறந்த வீடு!

ஆமாம், அம்பாசிடர் புகழ் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் லான்சரை இங்கேதான் தயாரிக்க ஆரம்பித்தது. மாக்கினென் மூணாவது பட்டம் வென்ற அதே வருஷம். 2006-ல் செடியாவும் இங்கிருந்தே வந்தது. 2010-களின் முதல் பாதியில் அதன் கதை முடிந்தது. அடுத்து இதே ஆலையில் இசுசு வண்டிகள் தயாராயின. 2016-ல் இசுசு, கும்மிடிப்பூண்டி தாண்டி ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 2021 முதல் இங்கே தயாராவது சிட்ரோயன் கார்கள்.

அதாவது, கேட் இருக்கிறது, வேலை நடக்கிறது, ஆனால் உங்கள் காருக்கு ஒரு போல்ட்கூட இங்கே செய்வதில்லை. பிறந்த வீட்டு வாசலில் நின்றாலும் பார்ட்ஸுக்குப் புதுப்பேட்டைக்குத்தான் அலையணும். ஒரு ஹெட்லைட் உடைந்தால் வாரக்கணக்கில் தேட வேண்டி வரலாம். கவர் போடும் அங்கிள்களின் பயம் இதுதான். அந்தப் பயத்தைக் கிண்டல் பண்ண முடியாது.

ஆனாலும் நம் தீர்ப்பு... ஓட்டுங்கள்! ஒரு சின்ன திருத்தத்தோடு. வாரத்தில் ரெண்டு நாள் கார், மீதி நாள் ரயில். அப்போ 20,000 ரூபாய் கணக்கு மூணில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். என்ஜினுக்கும் வாரா வாரம் நல்ல ஓட்டம் கிடைக்கும். மிச்சமாகும் பணத்தில் மாதம் ஒரு தொகையை 'செல்லம் ஃபண்ட்' என்று தனியாகப் போடுங்கள். டைமிங் பெல்ட், ஹோஸ், நல்ல டயர் நாலு... இந்த மூணும் முதல் செலவு. ஸ்டிக்கரும் ஸ்பாய்லரும் அப்புறம். புதுப்பேட்டையில் நல்ல ஹெட்லைட் கண்ணில் பட்டால், உடைவதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது செக்யூரிட்டி அண்ணன், "தம்பி, இது நம்ம திருவள்ளூர்ல செஞ்ச வண்டியாச்சே" என்று பானெட்டைத் தடவிப் பார்க்கலாம். ஓடுகிற காருக்கு மட்டும் கிடைக்கிற மரியாதை அது!