பொம்மைப் பாட்டியும் பதினேழு சொட்டும்

எங்கள் தாதிமைப் பயிற்சிக் கூடத்தின் மூன்றாவது கட்டிலில் ஒரு பாட்டி படுத்திருப்பார். ஒரு நாள் அவருக்கு நிமோனியா, மறுநாள் இடுப்பெலும்பு முறிவு, அடுத்த வாரம் சர்க்கரை இறங்கி மயக்கம். எத்தனை முறை செத்தாலும் காலை எட்டு மணிக்குக் கண்ணை இமைத்துக்கொண்டு தயாராக இருப்பார். ரப்பர் தோல், உள்ளே கம்பியும் மோட்டாரும் காற்றுக் குழாயும். நெஞ்சு ஏறி இறங்கும், மணிக்கட்டில் நாடி துடிக்கும், ஸ்டெதஸ்கோப் வைத்தால் நுரையீரல் சத்தம் கேட்கும். குரல் மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆசிரியையுடையது.

இந்தப் பாட்டியை நான் ஒரு தடவை முக்கால்வாசி கொன்றேன்.

மன்றச் செயலாளர் வந்து, "ஏஐ பத்தி ஏதாவது எழுதிக் கொடு, மலர்ல அது இல்லன்னா யாரும் புரட்டிக்கூட பார்க்க மாட்டாங்க" என்றார். ஏஐ என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது இந்தக் கதைதான். மானம் போனாலும் போகட்டும், எழுதிவிடுகிறேன்!

இரண்டாம் ஆண்டில் நடந்தது. கூடத்துக்குள் போவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு நோயாளி பற்றிய குறிப்பைக் கொடுப்பார்கள். பாட்டிக்கு வயது 78. இதயம் பலவீனம். இரண்டு நாளாக வாந்தி. மருத்துவர் உத்தரவு: நார்மல் சலைன் 500 மில்லி, 10 மணி நேரத்தில். பம்ப் கிடையாது, சொட்டை எண்ணித்தான் விட வேண்டும். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றும் போட்டிருந்தது. எங்கள் நால்வரில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆக, தலைமை தானாக என் தலையில் விழுந்தது.

சொட்டுக் கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. மில்லியை, அந்த டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்ற எண்ணால் பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். முதலாண்டிலேயே படித்ததுதான். ஆனாலும் போன் கையில் இருந்ததே! உள்ளே கொண்டுபோகத்தான் தடை, தயாராகும் அறையில் இல்லை. வயது, இதய நோய், 500 மில்லி, 10 மணி நேரம் எல்லாவற்றையும் தட்டிவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்டேன். இரண்டு விநாடியில் பதில் வந்தது: 50. தடித்த எழுத்தில். தாளில் எழுதி மடித்துக்கொண்டேன்.

உள்ளே போய் டிரிப்பை மாட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐம்பது சொட்டு வைத்தேன். மலாய்த் தோழி, "வேகமா விழுற மாதிரி இல்ல?" என்று மெல்லக் கேட்டாள். "கணக்குப் போட்டாச்சு" என்றேன். (யார் போட்ட கணக்கு என்று சொல்லவில்லை.)

ஒலிபெருக்கியில் "இரண்டு மணி நேரம் கழிந்தது" என்று அறிவித்தார்கள். பாட்டியின் நெஞ்சு வேக வேகமாக ஏறி இறங்கியது. "மூச்சு முட்டுது மிஸ்ஸி... படுக்க முடியல..." ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் நுரையீரலின் அடியில் கரகரவென்ற சத்தம். ஆக்சிஜன் அளவு 86. ஓடினோம். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினோம், முகமூடி மாட்டினோம், மருத்துவருக்குப் போன் செய்தோம். எல்லாம் செய்தோம். தலைக்கு மேலே டிரிப் மட்டும் அதே ஐம்பதில் சொட்டிக்கொண்டிருந்தது. நான்கு பேர் நின்றோம், எட்டுக் கைகள். ஒரு கைகூட அதை மூடப் போகவில்லை.

பிறகு பேசும் நேரத்தில் ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் டிரிப் செட்டின் காலி உறையை மேசை மேல் வைத்தார். 20 சொட்டு ஒரு மில்லி என்று அதில் அச்சடித்திருந்தது. 500 × 20 ÷ 600. பதினாறே முக்காலுக்குச் சற்றுக் குறைவு, அதாவது 17 சொட்டு. நான் விட்டது மூன்று மடங்கு. இரண்டு மணி நேரத்தில் 100 மில்லி போக வேண்டிய இடத்தில் 300 போயிருக்கிறது. பலவீனமான இதயம் அவ்வளவையும் தள்ள முடியாமல் நீர் நுரையீரலில் தேங்கிவிட்டது.

போனைத் திறந்து பார்த்தேன். அது பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை! "மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட் என்று எடுத்துக்கொண்டால்" என்று முதல் வரியிலேயே இருந்தது. நான் கடைசி வரியை மட்டும் பார்த்திருக்கிறேன்.

"அதுக்கு அந்தக் கவர் தெரியாதும்மா" என்றார் ஆசிரியை. "அது கட்டில் பக்கத்துல நிக்கல. நீதானே நின்ன?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் சொந்தப் பாட்டிக்கும் இதயம் பலவீனம்தான். வருடத்துக்கு ஒரு தடவையாவது கால் வீங்கி மருத்துவமனையில் படுப்பார். அவர் கட்டில் பக்கத்தில் என்னைப் போல ஒருத்தி நின்றிருந்தால்?

நிற்க. பொம்மையை வைத்துத் தாதியருக்குச் சொல்லிக்கொடுப்பது புதிதல்ல. 1911-இலேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் மருத்துவமனைத் தாதியர் பள்ளிக்காக, பொம்மை செய்யும் மார்த்தா சேஸ் என்ற பெண்மணி ஆள் உயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். 'மிசஸ் சேஸ்' என்று அதற்குப் பெயர். நூறு வருடத்துக்கு மேலாக எங்கள் துறை பொம்மைகளிடம் தப்புச் செய்து செய்துதான் படித்திருக்கிறது. அந்தத் தப்பையும் போனிடம் கொடுத்துவிட்டால் கூடத்துக்குள் நமக்கு என்ன வேலை?

அதற்காக ஏஐயைத் தலைமுழுகிவிடவில்லை. வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் என் கணக்கு, காகிதத்தில். பிறகு அதனிடம் காட்டி, "விடை சொல்லாதே, எந்த வரியில் தப்பு என்று மட்டும் காட்டு" என்பேன். "நான் சொல்லாத எதையாவது நீயாக எடுத்துக்கொண்டாயா?" என்றும் கேட்பேன். இந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் பல நாள் எனக்குப் பாடம். இரண்டு பேர் விடையும் ஒத்துப்போகாவிட்டால் ஆசிரியையிடம் போய்விடுவேன். மருந்தின் அளவை அதனிடம் கேட்பதே இல்லை, கூடத்தில் இருக்கும் மருந்துக் கையேடுதான்.

நோயாளியாக நடிக்கச் சொல்லியும் பழகலாம். ஆனால் அது பேசும் தமிழ் இருக்கிறதே! "எனக்கு மார்புப் பகுதியில் அசௌகரியம் ஏற்படுகிறது" என்கிறது. எந்தப் பாட்டி இப்படிப் பேசுவார்? வார்டில் நான் பார்த்த பாட்டி, "நெஞ்சுல என்னமோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு மிஸ்ஸி, காத்துதான், ஒண்ணுமில்ல" என்றார். வலி பத்துக்கு எத்தனை என்றால் ஏஐ சட்டென்று "ஏழு" என்கிறது. அந்தப் பாட்டியோ, "வலிதான்... நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். கையைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருந்தது. இப்போதெல்லாம் அதனிடம், "வலியை மறை, பேச்சை மாற்று, காற்று என்று சாதி" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். பரவாயில்லை, நன்றாகவே படுத்துகிறது! வியர்வைதான் வராது.

இன்னொன்று. வார்டுப் பயிற்சி முடிந்து கட்டுரை எழுதும்போது ஒரு தோழி, நோயாளியின் குறிப்பை அப்படியே ஏஐயில் ஒட்டப் போனாள். "பெயரை எடுத்துட்டேனே" என்றாள். வார்டு, தேதி, வயது, அபூர்வமான ஒரு நோய் எல்லாம் அப்படியே இருந்தன. அந்த வார்டில் அந்த நோயோடு அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சிங்கப்பூரில் 2012-இல் இயற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும், அந்த மனிதர் நம்மை நம்பிச் சட்டைப் பொத்தானைக் கழற்றியவர். பொம்மைப் பாட்டியின் கதையை எவ்வளவு வேண்டுமானாலும் தட்டுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போன மாதம் இரண்டாம் ஆண்டுத் தங்கை ஒருத்தி பயிற்சி முடிந்து முகம் வெளுத்து வந்தாள். "அக்கா, கணக்கு சரியாத்தான் இருக்கு, பாருங்க" என்று போனை நீட்டினாள். நான் போனைப் பார்க்கவில்லை. "செட் வந்த கவர் எங்கே?" என்றேன்.

ஒரு கணம் விழித்தாள். பிறகு கூடத்துக்குத் திரும்பி ஓடி, குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்துத் தேட ஆரம்பித்தாள்.