அளவு ஒன்றுதானே?

"நெடுந்தூரப் பயணம் மேற்கொள்ளும் நேயர்கள் புறப்படும் முன் வாகனத்தின் டயர்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்."

தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை என்று எது வந்தாலும் காலை நிகழ்ச்சியில் இந்த வரியைச் சொல்லிவிடுவேன். எட்டு வருடமாகச் சொல்கிறேன். எந்த வார்த்தையில் அழுத்தம் கொடுக்க வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால், "டயரில் எதைச் சரிபார்க்க வேண்டும்?" என்று ஒரு நேயர் திருப்பிக் கேட்டிருந்தால், அடுத்த பாட்டைப் போட்டுத்தான் தப்பித்திருப்பேன்.

நேயர் யாரும் கேட்கவில்லை. போன வருடம் பீடோருக்கும் தாப்பாவுக்கும் நடுவில், நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுகொண்டு என் அப்பாதான் கேட்டார்.

நாங்கள் கிள்ளானில் இருக்கிறோம். அண்ணன் வீடு பக்கத்துத் தாமான். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எங்கே போனாலும் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் போவோம். அதற்காகவே அண்ணனும் நானும் பாதிப் பாதி பணம் போட்டு, பதினொரு பேர் உட்காரும் பழைய வேன் ஒன்றை வாங்கினோம். அப்பாவுக்கு அதில் நடுவரிசை ஜன்னலோர இருக்கை. முப்பது வருடம் லோரி ஓட்டியவர். தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போனவர். இப்போது கண் சரியில்லாததால் வண்டியைத் தொடுவதில்லை.

வேனின் டயர்கள் தேய்ந்துபோயிருந்தன. மாற்றும் பொறுப்பு என்னுடையது. டயர் கடையில் தவுக்கே இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து வைத்தார். இரண்டிலும் 215/70 ஆர்16 என்று இருந்தது. ஒன்று டயருக்கு 90 வெள்ளி குறைவு. ஓடும்போது சத்தமும் இருக்காது, மெத்தென்று இருக்கும் என்றார் கடைப் பையன். தவுக்கே மட்டும் விலை அதிகமான டயரைத் தட்டிக் காட்டி, "சாமா சைஸ், தாப்பி லாயின்" என்றார். அளவு ஒன்றுதான், ஆனால் வேறு.

நான் கேட்டுக்கொண்டது முதல் பாதியை மட்டும்தான். நான்கு டயருக்கு 360 வெள்ளி மிச்சம். அளவு ஒன்றுதானே என்று சொல்லி, மலிவானதையே போடச் சொன்னேன்.

இரண்டு மாதம் வேன் பூப்போல ஓடியது. அப்போதுதான் சுங்கை சிப்புட்டில் சித்தி மகள் கல்யாணம் வந்தது. பெரியவர்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் மூன்று பேர். பின்னால் சீர்வரிசைத் தட்டுகள், அம்மா விடாப்பிடியாகத் தூக்கிவந்த பித்தளைக் குத்துவிளக்குகள், முறுக்கு டின்கள், ஆறு பெட்டி குளிர்பானம், எல்லாருடைய துணிப்பைகள். கதவைச் சாத்தும்போது அண்ணன் தோளால் ஒரு முட்டு முட்டித்தான் சாத்தினான். அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம்.

மத்தியானம் இரண்டு மணி வெயில். பீடோர் தாண்டியதும் பின்பக்கத்திலிருந்து பானை உடைந்ததுபோல் ஒரு சத்தம். வேன் இடப்பக்கமாக இழுத்தது. பிள்ளைகள் அலறினார்கள். அப்பாவின் குரல் மட்டும் ஏறவே இல்லை.

"டேய், பிரேக்கை மிதிக்காதே. ஸ்டேரிங்கைக் கெட்டியாப் பிடி. ஆக்சிலேட்டரை மெல்ல விடு. ம்… அப்படியே."

அண்ணன் அவசரப் பாதையில் கொண்டுபோய் நிறுத்தினான். யாருக்கும் எந்தக் காயமும் இல்லை. எல்லாரையும் இறக்கி, சாலையோர இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்த பிறகுதான் அப்பா டயர் பக்கம் வந்தார். பின்னால் இடது டயர் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் ஸ்பேர் டயரைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான்.

"பாப்பா, இங்கே வா. எனக்குக் கண்ணு தெரியல. இதைப் படி."

கிழிந்த டயரைப் படித்தேன். 215/70 ஆர்16, 100 எச்.

"அதைப் படி."

ஸ்பேர் டயர், வேனோடு வந்த பழைய டயர். யாரும் மாற்றவில்லை. 215/70 ஆர்16 சி, 108/106 டி.

"எங்கே மாறுது?"

"கடைசியிலப்பா."

"அந்தக் கடைசி எண்ணுதான் எவ்வளவு சுமக்கும்னு சொல்லுது. நீ போட்டது கார் டயர்."

கடையில் தவுக்கே சொன்னதையும், விலை குறைவென்று நான் எடுத்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, குலை எண்ணுவதுபோல விரலை நீட்டி எண்ணினார். அம்மா, அண்ணி, பிள்ளைகள் என்று எண்ணி முடித்துவிட்டு, "பதினொரு பேரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த இரண்டு வார்த்தையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

மீதி மூன்றும் அதே கார் டயர்கள்தான் என்பதால், அப்பா எல்லாரையும் மறுபடி ஏற விடவில்லை. ஈப்போவிலிருந்து மாமா மகன் காரோடு வந்து பாதிப் பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டான். நாங்கள் மெதுவாக ஓட்டி, நலுங்கு முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தோம்.

அந்தச் சுமை எண்ணின் கணக்கு இதுதான். டயரின் அளவுக்குப் பக்கத்தில் இரண்டு அல்லது மூன்று இலக்கத்தில் ஓர் எண்ணும் அதை அடுத்து ஓர் எழுத்தும் இருக்கும். எண், ஒரு டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச எடைக்கான குறியீடு. 82 என்றால் 475 கிலோ. 88 என்றால் 560. 91 என்றால் 615. 95 என்றால் 690. 100 என்றால் 800. 108 என்றால் 1000 கிலோ. எழுத்து, வேகத்துக்கானது. 'எச்' என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், 'வி' என்றால் 240. நம் நெடுஞ்சாலையில் சட்டப்படி 110-க்கு மேல் போக முடியாது. ஆனாலும் டயர் வாங்கும்போது நம்மில் பலர் விசாரிப்பது வேகத்தையும் விலையையும்தான். எத்தனை பேரைச் சுமக்கும் என்று கேட்பதில்லை.

'சி' என்ற எழுத்து வேன், சிறிய லோரி போன்ற வணிக வாகனங்களுக்காகச் செய்த டயரைக் குறிக்கும். அதில் 108/106 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் ஒற்றைச் சக்கரமாக ஓடும்போது. இரண்டாவது, லோரியின் பின்னால் இருப்பதுபோல் இரட்டைச் சக்கரமாக ஓடும்போது. எங்கள் வேனுக்கு முதல் எண்தான் கணக்கு. ஆக, நான் மிச்சம் பிடித்த 90 வெள்ளி, டயருக்கு 200 கிலோவைக் குறைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. 800 கிலோ தாங்கும் டயர் நான்கு என்றால் 3200 கிலோ. எங்கள் வேன் அத்தனை கனம் இருந்திருக்குமா? அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் நாளில், அண்ணனின் நண்பர் நடத்தும் பழைய இரும்புக் கடைக்கு வேனை விடச் சொன்னார். அங்கே லோரிகளை நிறுத்தும் எடைமேடை இருக்கிறது. அதற்குள் வேனுக்குச் சரியான டயர்கள் மாட்டியாகிவிட்டது. ஆள்களும் ஏறத்தாழ அதே கல்யாணக் கூட்டம், மூட்டைகளும் ஏறத்தாழ அதே அளவு.

"என் எடையைத் தனியாச் சொல்லிடாதீங்க" என்று அண்ணி சத்தம் போட்டார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

முழு வேனும் மேடையில் ஏறியபோது 3040 கிலோ. பார்த்தீர்களா, 3200-க்குள்தான் இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அப்பா, வேனை முன்னால் நகர்த்தி, பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தச் சொன்னார். 1720 கிலோ. ஒரு பின் டயருக்கு 860.

அதுதான் பதில். வண்டியின் கனம் நான்கு டயர்களுக்கும் சமமாகப் பிரிவதில்லை. நாம் ஆள்களையும் மூட்டைகளையும் பின்னால்தான் அடைக்கிறோம். முன் டயர்கள் சும்மா இருக்க, பின் டயர்கள் தாங்க முடியாததைத் தாங்கிக்கொண்டிருந்தன. நான்கால் பெருக்கிப் பார்த்துத் திருப்திப்படுவது தப்புக் கணக்கு.

தாங்காத சுமை டயரை உடனே உடைப்பதில்லை. சாலையைத் தொடும் இடத்தில் டயரின் பக்கவாட்டு மடிந்து நிமிர்கிறது. சுமை கூடினாலும் காற்று குறைந்தாலும் அதிகமாக மடிகிறது. மடிந்து மடிந்து சூடேறுகிறது. சூட்டில் ரப்பரும் உள்ளிருக்கும் இழைகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. அந்த அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 முறை சுற்றும். கிள்ளானிலிருந்து சுங்கை சிப்புட் போய்ச் சேர ஒரு லட்சம் சுற்றுக்கு மேல். அத்தனை முறை மடிந்து நிமிர வேண்டியதைத்தான் நான் விலை பேசி வாங்கியிருந்தேன்.

காற்றிலும் தப்புச் செய்திருந்தேன். பெட்ரோல் நிலையத்தில் எந்த வண்டியானாலும் மெஷினில் 230 என்று தட்டிவிடுவது என் பழக்கம். சுமை எண் சொல்லும் எடை, அதற்குரிய காற்று உள்ளே இருந்தால்தான் செல்லும். காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறையும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பல வண்டிகளில் ஆள் குறைவாக இருந்தால் ஓர் அளவு, முழுச் சுமைக்கு இன்னோர் அளவு என்று இரண்டு இருக்கும்.

எங்களைப் போல் வேன் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல இது. சாதாரணக் கார்களுக்கு வரும் 195/65 ஆர்15 அளவிலேயே 91 உண்டு, 95 உண்டு. 95 போட்டதில் 'எக்ஸ்.எல்.' என்று இருக்கும். கூடுதல் சுமைக்காக உறுதி செய்யப்பட்டது. ஆனால் அந்தக் கூடுதல் சுமையைத் தாங்க அதற்குக் காற்றும் கூடுதலாக வேண்டும். மின்சாரக் கார் வாங்கும் நண்பர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். பேட்டரி கனத்தால் அவை அதே அளவுள்ள பெட்ரோல் கார்களைவிட எடை அதிகம்.

வண்டியோடு வந்த சுமை எண் எதுவோ அதையே வாங்குங்கள். கொஞ்சம் கூடினால் பரவாயில்லை; குறையக் கூடாது. "அப்படியென்றால் 108-ஐவிடப் பெரிசா போட்டு இன்னும் நாலு பேரை ஏத்தலாமா?" என்று அண்ணன் கேட்டான். அப்பாவுக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

"லோரிக் கதவில என்ன எழுதியிருக்கும், மறந்துட்டியா?"

மறக்கவில்லை. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த முதல் மலாய் வார்த்தைகளே அவைதான். பெராட் தன்பா முவாத்தான், சுமை இல்லாத எடை. பெராட் டெங்ஙான் முவாத்தான், சுமையோடு சேர்த்து எடை. வெள்ளைப் பெயிண்டில் இரண்டு வரி. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் வண்டி சுமக்கலாம் என்று அனுமதிக்கப்பட்டது. டயரை மாற்றினால் அந்த எண் மாறாது. அச்சும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் பழையவைதானே.

அப்பா முப்பது வருடம் அந்த இரண்டு வரிக்குள்தான் ஓட்டினார். கூட இரண்டு டன் ஏற்றச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள் என்று இப்போதுதான் சொல்கிறார். அதனால் சில மாதம் சம்பளம் குறைந்ததையும் இப்போதுதான் சொல்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு லோரிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுவேன். அவர் பத்திரமாக வந்து சேர்வது அதிர்ஷ்டம் என்று நான் நினைத்ததே இல்லை. அது அவர் தினமும் பார்த்த கணக்கு.

இந்தத் தைப்பூசத்துக்கு என் வரியை மாற்றி எழுதினேன். "நேயர்களே, ஓட்டுநர் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பாருங்கள். டயரின் கடைசி எண்ணைப் படியுங்கள். புறப்படும் முன், டயர் சூடேறாமல் இருக்கும்போதே காற்றைப் பாருங்கள். உங்கள் பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள்." வழக்கத்தைவிடப் பத்து விநாடி கூடுதல். தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையைச் சுழற்றினார். நான் கண்டுகொள்ளவில்லை.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் அப்பாவின் குரல் பதிவு வந்தது. பாராட்டப்போகிறார் என்று ஆசையாகக் கேட்டேன்.

"பாப்பா, எல்லாம் சரியாச் சொன்னே. ஸ்பேர் டயரை விட்டுட்டியே."

பாட்டு முடிந்ததும் அதையும் சொன்னேன்.